கடலை வீட்டில் விட்டு ஊருக்குப் போதல்: உவர்நீர்த் தொட்டியின் வரலாற்றில் உடனிருந்தவர்கள்

நன்னீர்த் தொட்டியில் நான்கு பொன்மீன்கள் வளர்ப்பவர் ஒரு வாரம் வெளியூர் போய்வந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகிவிடாது. கடல்நீர்த் தொட்டி அப்படிப்பட்டதன்று. 200 லிட்டர் கடல்நீர் கொண்ட ஒரு தொட்டியில் நாளொன்றுக்கு 3 லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். லிட்டருக்கு 35 கிராம் உப்புடன் தொடங்கிய நீர், பத்தே நாளில் 30 லிட்டர் வற்றி, லிட்டருக்கு 41 கிராமை எட்டிவிடும். உப்பின் அளவு ஏறக்குறைய மாறாதிருக்கும் திறந்த கடலில் வாழப் பழகிய உயிர்களுக்கு இது பெருந்துன்பம். இதைத் தடுக்கும் வழியோ மிக எளியது. நாள்தோறும் 3 லிட்டர் நன்னீரை ஊற்றினால் போதும். ஆனால் ஊற்றுவதற்கு ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும்.

பணி நிமித்தம் அடிக்கடிப் பயணம் செய்யும் இன்றைய தொட்டி வளர்ப்பாளரின் இந்தச் சிக்கல் புதிதன்று. உவர்நீர்த் தொட்டி தோன்றிய நாளிலிருந்தே அது உடன்வருகிறது. இத்தொட்டியின் வரலாற்றைக் கண்ணாடி, இரயில், நீரேற்றி எனக் கண்டுபிடிப்புகளின் வரிசையாகச் சொல்வதே வழக்கம். அதே வரலாற்றை ஒரு கேள்விக்கு அடுத்தடுத்துச் சொல்லப்பட்ட விடைகளாகவும் படிக்கலாம்: உரிமையாளர் அருகில் இல்லாத வேளையில் வேலையைச் செய்வது யார்? அவ்விடைகளுள் பல, இனி யாரும் தேவையில்லை என்று உறுதி கூறின. அப்படிக் கூறப்பட்ட இடங்களிலும் யாரோ ஒருவர் இருந்துகொண்டுதான் இருந்தார்.

1. மெசினா: கடலே காவல்

பிரெஞ்சு நாட்டவரான ழான் வில்ப்ரூ-பவர் (1794–1871) பாரிசில் ஆடை தைக்கும் தொழிலில் இருந்தவர். ஜேம்ஸ் பவர் என்னும் வணிகரை மணந்து சிசிலித் தீவின் மெசினா நகரில் குடியேறிய பின் கடலுயிர் ஆய்வில் இறங்கினார். ஆர்கோனாட் என்னும் பேய்க்கணவாய் வகையின் மெல்லிய ஓடு அதுவே உருவாக்கியதா, அல்லது துறவி நண்டைப் போல வேறோர் உயிரின் ஓட்டில் அது குடியிருக்கிறதா என்பது அக்காலத்தில் தீராத வழக்கு. இறந்த உடல்களைக் கொண்டு அதைத் தீர்க்க இயலாது. உயிரோடு, நாட்கணக்கில், கண்முன் வைத்துப் பார்த்தாக வேண்டும்.

அதற்காக அவர் 1832 முதல் கண்ணாடித் தொட்டிகளைப் பயன்படுத்தினார். அவற்றோடு கடலுக்குள்ளேயே இறக்கி நிறுத்தும் கூண்டுகளையும் அமைத்தார். ஓட்டின் ஒரு பகுதியை உடைத்துவிட்டு, அந்த உயிர் அதைத் தானே சீர்செய்வதைக் கண்டு, ஓடு அதனுடையதே என நிறுவினார். இந்த வரலாற்றின் நோக்கில் அக்கூண்டு கூடுதல் கவனத்துக்குரியது. கடலுக்குள் நின்ற கூண்டில் நீரை மாற்றுவதும், காற்றைக் கலப்பதும், கழிவை அகற்றுவதும் கடலின் வேலை. ஆய்வாளர் வீட்டுக்குப் போகலாம், உறங்கலாம், திரும்பி வரலாம். ஆனால் கடற்கரையில் வாழ்பவருக்கே இந்த வசதி. கரையிலிருந்து விலகிய ஒரு நகரத்துக்குக் கடலைக் கொண்டுபோனவர், கடல் செய்த வேலையையும் யாரிடமாவது ஒப்படைக்க வேண்டியிருந்தது.

2. லண்டன்: திறந்த சன்னலருகே ஒரு பணிப்பெண்

1846ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அன்னா தின் என்னும் சீமாட்டி இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள டார்க்கியிலிருந்து சில பவள உயிர்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். அவருடைய கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் உயர்பதவி வகித்த குரு. வழிப்பயணத்தில் பவளங்கள் உருண்டு சிதையாதிருக்க, ஊசியும் நூலும் கொண்டு அவற்றை ஒரு பெரிய கடற்பஞ்சோடு தைத்து, கடல்நீர் நிரப்பிய கற்சாடியில் வைத்துக்கொண்டார். லண்டனில் கடல்நீர் கிடைப்பது அரிது. இருக்கும் நீரையே மீண்டும் மீண்டும் பயன்படுத்த வேண்டும். அதற்கு அவர் கண்ட வழி, நீரை ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்துக்குத் திறந்த சன்னலருகே அரைமணி, முக்கால்மணி நேரம் மாற்றி மாற்றி ஊற்றுவது. காற்றின் ஊடே விழும் நீர் உயிர்வளியைப் பெற்று மீளும்.

ஊற்றியவர் சீமாட்டி அல்லர். தம் ஆய்வை 1859இல் ஓர் இயற்கையியல் இதழில் வெளியிட்டபோது அவரே இதைக் குறிப்பிடுகிறார். இது களைப்பூட்டும் வேலைதான், ஆயினும் தம்மிடம் இருந்த சிறு பணிப்பெண் தம்மை மகிழ்விக்க விரும்பியதோடு அதை ஒரு விளையாட்டாகவும் எண்ணினாள் என்கிறார். அவளுடைய பெயரை அவர் சொல்லவில்லை. ஊற்றும் நேரத்தில் சீமாட்டி அடுத்த அறையில் இருந்திருக்கலாம், ஊரிலேயே இல்லாமலும் இருந்திருக்கலாம். பவளத்துக்கு அது ஒரு பொருட்டன்று. அப்பெண் இல்லாமற்போவதைத்தான் பவளம் தாங்கியிருக்காது.

இராபர்ட் பாயிலின் ஆய்வுக்கூடத்தில் உழைத்த உதவியாளர்களைப் பற்றி ஸ்டீவன் ஷேப்பின் 1989இல் எழுதிய கட்டுரை, கண்ணுக்குப் படாத தொழில்வினைஞர் என்னும் கருத்தை அறிவியல் வரலாற்றில் நிலைநிறுத்தியது. அன்னா சீமாட்டியின் பணிப்பெண் அவ்வரிசையில் வருபவள். மொழியும் இதற்குத் துணைபோகிறது. ‘நீர் ஊற்றப்பட்டது’, ‘தொட்டி தூய்மை செய்யப்பட்டது’ என்று செயப்பாட்டுவினையில் எழுதும்போது எழுவாயாக நிற்பவை நீரும் தொட்டியும். ஊற்றிய கைக்கு வாக்கியத்தில் இடமில்லை. அன்னா சீமாட்டி அந்த அளவுக்கு மறைக்கவில்லை. பெயரைச் சொல்லாவிடினும் ஆளைச் சொன்னார்.

3. சமநிலை என்னும் வாக்குறுதி

அடுத்து வந்த விடை ஒரு கருத்து. அதன் வேர் தாவரவியலில் இருக்கிறது. நத்தேனியல் வார்டு என்னும் லண்டன் மருத்துவர், மூடிய கண்ணாடிப் பேழைக்குள் செடிகள் யாரும் நீரூற்றாமலே நெடுநாள் வாழ்வதை 1829 முதல் கவனித்தார். 1833இல் அத்தகைய இரு பேழைகளைக் கப்பலில் சிட்னிக்கு அனுப்பினார். செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. பல மாதப் பயணத்தில் யாருடைய பராமரிப்பும் வேண்டாத ஒரு சிறு உலகம் அது.

மூடிய பேழையில் செடிக்கு இயன்றது தொட்டியில் மீனுக்கும் இயலும் என்று காட்டியவர் வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன். பொன்மீன், நீர்ச்செடி, நத்தை ஆகிய மூன்றையும் ஒரே கலத்தில் வைத்து அவர் நடத்திய ஆய்வு 1850இல் லண்டன் வேதியியல் கழகத்தின் முன் வைக்கப்பட்டது. மீன் வெளியிடும் கரிவளியைச் செடி ஏற்கும். செடி தரும் உயிர்வளியை மீன் பெறும். அழுகும் இலைகளை நத்தை தின்னும். மூன்றும் ஒன்றையொன்று தாங்கினால் நீரை மாற்றவே வேண்டியதில்லை. விரைவிலேயே அவர் இதைக் கடல்நீருக்கும் கடற்பாசிக்கும் விரிவுபடுத்தினார். பணிப்பெண் செய்த வேலையை இனிச் செடி செய்யும் என்பதே இதன் பொருள்.

பிலிப் ஹென்றி காஸ் இந்தக் கருத்தை வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தார். லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவிலுள்ள விலங்கியல் தோட்டத்தில் 1853இல் திறக்கப்பட்ட மீன் இல்லத்துக்குக் கடலுயிர்களைச் சேகரித்து அனுப்பியவர் அவர். 1854இல் அவர் எழுதிய நூல் ‘அக்வேரியம்’ என்னும் சொல்லையே இந்தப் பொருளில் நிலைபெறச் செய்தது. அதுவரை விவேரியம், அக்வா-விவேரியம் என்னும் பெயர்கள் வழங்கின. உயிர் என்னும் கூறு அவற்றில் வெளிப்படையாக இருந்தது. காஸ் தேர்ந்தெடுத்த இலத்தீன் சொல்லுக்குப் பழம்பொருள் கால்நடைகள் நீர் அருந்தும் இடம். தமிழில் நாம் இன்று வழங்கும் ‘மீன் காட்சியகம்’ காண்பதை முன்னிறுத்துகிறது. பார்த்துக்கொள்வதைக் குறிக்கும் கூறு இவ்விரு சொற்களிலும் இல்லை.

கண்ணாடி மீதான வரி 1845இல் நீக்கப்பட்டிருந்தது. இரயில் கடற்கரையை நகரத்துக்கு அருகில் கொண்டுவந்திருந்தது. செயற்கைக் கடல்நீர் தயாரிக்கும் முறையையும் காஸ் வெளியிட்டார். 1850களின் நடுவில் நடுத்தர வகுப்பு வீடுகளின் வரவேற்பறைகளில் கடல்நீர்த் தொட்டி ஒரு மோகமாகப் பரவியது. தானே தன்னைப் பார்த்துக்கொள்ளும் தொட்டி என்ற நம்பிக்கையே அம்மோகத்தின் அடித்தளம். நடைமுறை அந்த நம்பிக்கைக்கு ஒத்துவரவில்லை. ஓர் உயிர் இறந்து அழுகினால் நீர் முழுதும் கெட்டது. வெயில் மிகுந்தால் பாசி மண்டியது. குறைந்தால் செடி வாடியது. 1868இல் எழுதிய ஜே. ஜி. வுட், அந்தக் காய்ச்சல் தணிந்து, பத்தில் ஒன்பது தொட்டிகள் கைவிடப்பட்டதாகக் குறிப்பிடுகிறார்.

கைவிடப்பட்டவை தொட்டிகள் மட்டுமல்ல. சேகரிப்போர் கூட்டம் கூட்டமாகப் போய் அள்ளியதில் இங்கிலாந்தின் தென்கரைப் பாறைக் குட்டைகள் வெறுமையாயின என்று காஸின் மகன் எட்மண்ட், 1907இல் வெளிவந்த தம் நினைவுநூலில் வருந்துகிறார். யாரும் பார்த்துக்கொள்ள வேண்டாம் என்ற வாக்குறுதியின் விலையைக் கடற்கரை செலுத்தியது.

4. நிலத்தடித் தொட்டியும் நீராவி எந்திரமும்

அம்மோகம் ஓங்கியிருந்தபோது லண்டனில் கடலுயிர் விற்கும் கடை நடத்திய வில்லியம் ஆல்ஃபர்டு லாயிடு, அதன் தோல்வியிலிருந்து ஒரு பாடம் கற்றார். சிறிய தொட்டியில் சமநிலை நிற்காது. காட்சிக்கு வைக்கும் நீரைப் போலப் பல மடங்கு நீரை இருட்டறையில் சேமித்து, இரண்டையும் இடைவிடாமல் சுழலவிட வேண்டும். ஹாம்பர்க் விலங்குக் காட்சியகத்தில் 1864இல் திறந்த அக்வேரியமும், கடலிலிருந்து விலகிய தென்லண்டனின் கிரிஸ்டல் பேலஸில் 1871இல் திறந்ததும் இம்முறையில் இயங்கின. அந்தோன் டோர்ன் நேப்பிள்ஸில் நிறுவிய விலங்கியல் ஆய்வு நிலையத்தின் அக்வேரியமும் லாயிடின் வடிவமைப்பே. அது 1874இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

இம்முறையில் ஒரே நீர் நெடுங்காலம் மாற்றப்படாமல் நன்றாக இருந்தது. ஆனால் இரவும் பகலும் நீரேற்றி நிற்கக் கூடாது. நீராவி எந்திரம் ஓட வேண்டுமெனில் கரி போடுபவர் வேண்டும். சன்னலருகே நின்ற ஒரு பணிப்பெண்ணின் இடத்தில் இப்போது எந்திர அறையில் முறைவைத்து வேலை செய்யும் ஆட்கள் நின்றனர். காட்சிக் கூடத்தில் கண்ணாடியின் முன் நின்றவருக்கு அவர்கள் தென்படவில்லை. தென்படாதபடிதான் கட்டடமே அமைந்திருந்தது.

5. தந்தையும் மகனும்

லாயிடின் முறை ஏன் பலித்தது என்பதற்கான முழு விளக்கம் ஒரு தொட்டியிலிருந்து வரவில்லை; வேளாண் மண்ணிலிருந்து வந்தது. அதன் பின்னால் ஒரு குடும்பத் தொடர்பும் இருக்கிறது. சமநிலைத் தொட்டியை முன்வைத்த வேதியியலாளருடைய மகனின் பெயரும் இராபர்ட் வாரிங்டன் (1838–1907). மகன் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1870களின் பிற்பகுதி முதல் மண்ணில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவதை ஆராய்ந்தார். அது வெறும் வேதிவினை அன்று, உயிரிகளின் செயல் என்பதைப் பிரான்சில் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் இருவரும் 1877இல் காட்டியிருந்தனர். இம்மாற்றம் இரு கட்டங்களாக நடக்கிறது, ஒவ்வொரு கட்டத்துக்கும் வெவ்வேறு உயிரிகள் பொறுப்பு என்பதை வாரிங்டன் மகன் தெளிவுபடுத்தினார். அவற்றைப் பிரித்தெடுக்க அவரால் இயலவில்லை. 1890இல் அதைச் செய்தவர் ரஷ்ய அறிவியலாளர் வினோகிராட்ஸ்கி.

மீனின் கழிவும் மிஞ்சிய இரையும் அழுகும்போது எழும் அம்மோனியா மீனுக்கு நஞ்சு. தொட்டியின் மணலிலும் கல்லிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் நஞ்சு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. தந்தை கண்ட மீன், செடி, நத்தை என்னும் முக்கூட்டில் நான்காவதாக ஓர் உழைப்பாளி இருந்தது. அதைத் தந்தை பார்க்கவில்லை. தொட்டி வரலாற்றில் உண்மையாகவே ஓய்வின்றி, ஊருக்குப் போகாமல், வேலை செய்வது இதுதான். இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: ஓடும் நீரும் உயிர்வளியும் வேண்டும். நீரோட்டம் நெடுநேரம் நின்றால் இந்த வேலையும் நிற்கும்.

6. சென்னை, மும்பை

இந்தியாவில் இவ்வரலாறு அரசு நிறுவனங்களின் வழியாகத் தொடங்கியது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் மெரினாக் கடற்கரையில் 1909இல் கடல்வாழ் உயிர்க் காட்சியகம் திறக்கப்பட்டது. கடல் எதிரிலேயே இருந்தது. நீருக்கும் உயிருக்கும் பஞ்சமில்லை. எனினும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. 1942இல் ஜப்பானியத் தாக்குதலுக்கு அஞ்சி மக்கள் சென்னையை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தனர். ஒரு நகரமே ஊரைவிட்டுப் போகும்போது தொட்டிக்கு நேர்வதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை. எதிரில் கடல் அப்படியே இருந்தது. நீரை உள்ளே கொண்டுவரும் ஏற்பாடுதான் மனிதர்களைச் சார்ந்திருந்தது.

மும்பையின் மரைன் டிரைவில் 1951இல் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் திறந்துவைத்த தாராபோர்வாலா அக்வேரியம், கொடை வழங்கிய பார்சி வள்ளலின் பெயரைத் தாங்கியது. அதுவும் கடலோரக் கட்டடமே. நிறுவனத்துக்கு ஒரு வசதி உண்டு: ஊழியர் ஒருவர் விடுப்பில் போனால் மற்றொருவர் வருவார். தனி வீட்டுக்கு அந்த வசதி இல்லை.

7. ஜகார்த்தாவிலிருந்து கைபேசி வரை

தனி வீட்டுக்கான பெருமாற்றத்தை முன்மொழிந்தவர் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். வடிகட்டியே இல்லாமல், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறைத் துண்டுகளும் மெல்லிய காற்றுக் குமிழிகளும் கொண்டு கடல்மீன்களை வளர்க்கும் தம் முறையை அவர் 1961இல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் விளக்கினார். நுண்துளை மிகுந்த அக்கல்லில் வாரிங்டன் மகன் ஆராய்ந்த வகை உயிரிகள் கோடிக்கணக்கில் குடியிருந்தன. அவற்றை வீட்டுக்கு அழைத்து வருவதே அம்முறையின் சாரம். பிற்காலப் பவளத் தொட்டிகள் பலவும் இக்கருத்தின் வழிவந்தவை.

இந்தியாவில் இவ்வழிக்கு ஒரு வரம்பு உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் பாறை கட்டும் பவளங்கள் சேர்க்கப்பட்டன. பவளப்பாறையைக் கடலிலிருந்து பெயர்த்து வரவேற்பறையில் வைப்பது இங்கே குற்றம். எட்மண்ட் காஸ் வருந்திய வெறுமை மன்னார் வளைகுடாவிலும் அந்தமானிலும் நேராதிருக்க இந்தத் தடை தேவை. ஆகவே சட்டத்துக்கு உட்பட்டு வளர்ப்பவர், சுட்ட மண்ணாலான துளைக்கற்களில் பாக்டீரியாக்கள் குடியேற வாரக்கணக்கில் பொறுத்திருந்து, அதன்பின்னரே மீனை விடுகிறார்.

இன்றைய பயணிக்கு உதவ எந்திரங்கள் ஏராளம். நீர்மட்டம் இறங்கினால் மிதவைச் சுவிட்ச் நன்னீரை உள்ளே விடும். குறித்த நேரத்தில் இரை விழும். வெப்பநிலை ஏறினால் வேறோர் ஊரின் விமான நிலையத்தில் இருப்பவரின் கைபேசிக்கு எச்சரிக்கை வரும். சிறு உப்புப் படிவால் அதே சுவிட்ச் சிக்கிக்கொண்டால் நன்னீர் நிற்காமல் பாயும். உப்பு கூடுவதற்குப் பதிலாகச் சட்டெனக் குறையும். மின்சாரம் போனால் நீரோட்டம் நின்றுவிடும். எச்சரிக்கை வந்துசேர்ந்தபின் செய்ய வேண்டியதைக் கைபேசி செய்யாது. வீட்டுச் சாவி வைத்திருக்கும் ஒருவர் செய்ய வேண்டும்: பெற்றோர், பக்கத்து வீட்டார், காவலாளி, வீட்டு வேலைக்கு வருபவர், வாரம் ஒருமுறை வரும் மீன்கடை ஊழியர்.

அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் இதை அறிவார்கள். பயணத்துக்கு முன் ஒவ்வொரு நாளுக்குமான இரையை மாத்திரை டப்பாவின் அறைகளில் அளந்து வைத்துவிட்டுப் போவது அவர்களிடையே வழக்கம். பார்த்துக்கொள்ள வருபவர் அன்பின் மிகுதியால் கூடுதலாகப் போட்டுவிடுவார். மிஞ்சிய இரை அழுகி அம்மோனியாவாகும். எந்திரத்தின் கையேட்டில் இல்லாத அறிவு இது. மற்றொரு மனிதரை நம்பி விட்டுப்போவதன் நுட்பம் இதில் அடங்கியிருக்கிறது.

ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளில் உவர்நீர்த் தொட்டியின் வேலை கடலிலிருந்து பணிப்பெண்ணுக்கும், செடிக்கும், எந்திர அறைக்கும், பாக்டீரியாவுக்கும், உணர்கருவிக்கும் கைமாறியது. ஒவ்வொரு கைமாற்றமும் வேலையின் ஒரு பகுதியைக் குறைத்தது. முழுதாக ஒழித்தது எதுவுமில்லை. எஞ்சிய பகுதி வீட்டில் இருப்பவரின் மேல் விழுந்தது. அவரோ பெரும்பாலும் அந்தத் தொட்டியை விரும்பிக் கேட்டவர் அல்லர். அதற்காக நேரம் ஒதுக்கப்பட்டவரோ, பல வேளைகளில் கூலி பெறுபவரோ கூட அல்லர். மீன் இறந்தால் மட்டும் பழி அவரைத் தேடி வரும்.

எனவே அடிக்கடி ஊருக்குப் போகும் ஒருவர் தொட்டி வாங்கும் முன் கேட்க வேண்டிய முதற்கேள்வி எந்த எந்திரம் சிறந்தது என்பதன்று. நாள்தோறும் அந்த 3 லிட்டரை ஊற்றப்போகிறவர் யார், அவரிடம் ஒப்புதல் கேட்கப்பட்டதா, அவருக்குச் செய்முறை சொல்லித்தரப்பட்டதா, உழைப்புக்கு உரியது கொடுக்கப்பட்டதா என்பனவே அவர் முதலில் கேட்க வேண்டியவை. இவற்றுக்கு விடை இல்லாத வீட்டில், ஆர்கோனாட்டுக்கு மெசினாவில் கிடைத்த ஏற்பாடே இன்றும் நல்லது: மீன் கடலில் இருக்கட்டும், பார்க்க விரும்புபவர் அங்கே போகட்டும்.